ஹெட் கேஸ்கெட் தடிமன்: அறிகுறியைப் பார்த்து அளவைத் திருத்துவது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய கொரோலாவையும் நிசான் 1400 பேக்கி என்ற சின்ன பிக்கப்பையும் பிரித்துக் கட்டும் இளைஞர்கள் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான், சிலிண்டர் பிளாக்குக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவே அடைக்கும் கேஸ்கெட் எத்தனை மி.மீ. தடிமன் வேண்டும் என்பது: "அண்ணா, 0.8 போடட்டுமா, 1.2 போடட்டுமா?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "பிஸ்டன் டெக்குக்கு எவ்வளவு கீழே நிக்குது, அளந்தியா தம்பி?" அந்த எண் கையில் இல்லாமல் எந்தத் தடிமனைச் சொன்னாலும் அது ஊகம்தான். டெக் என்பது பிளாக்கின் மேல் முகம்.

கேஸ்கெட் தடிமன் இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றுகிறது. ஒன்று கம்ப்ரஷன் விகிதம், அதாவது கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது. இது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று ஸ்குவிஷ். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் தட்டையான விளிம்புக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் நடுவே மிஞ்சும் இடைவெளி அது. பலரும் கம்ப்ரஷனை மட்டும் பார்த்துத் தடிமனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது தப்பான வரிசை. தடிமனை ஸ்குவிஷுக்காகத் தேர்ந்தெடுங்கள், கம்ப்ரஷனை சேம்பரிலும் (ஹெட்டில் கலவை எரியும் குழி) பிஸ்டனிலும் சரிசெய்யுங்கள். கீழே உள்ள கோளாறுகளில் பல இந்த வரிசையை மாற்றிப் போட்டதால் வருபவை.

எண்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக டொயோட்டா 4ஏ-ஜிஈ என்ஜினை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். டொயோட்டாவின் பிராஸ்பெக்டன் தொழிற்சாலை இருக்கும் ஊரில் இதைத் தெரியாதவர் குறைவு. இந்த என்ஜின் உள்ள 20 வால்வ் ஆர்எஸ்ஐ, ஆர்எக்ஸ்ஐ கொரோலாக்கள் இன்றும் தெருவில் ஓடுகின்றன. போர் (சிலிண்டர் விட்டம்) 81 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 77 மி.மீ. ஒரு சிலிண்டர் 396.8 சி.சி.

அறிகுறி 1: மேடு ஏறும்போது தட்டல்

கார் சமதளத்தில் நன்றாக ஓடுகிறது. பைன்டவுனைத் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது நான்காவது கியரில் 2500 ஆர்பிஎம்மில் முழுசாக மிதித்தால், கண்ணாடிக் கோலிகளை டப்பாவில் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். பிப்ரவரிக் கோடை வெயிலில் அதிகம், ஜூலைக் குளிரில் குறைவு.

கேஸ்கெட்டைக் குறை சொல்வதற்கு முன்னால் மூன்றைச் சரிபாருங்கள். அடிப்படை இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) முதலில். 4ஏ-ஜிஈயில் டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஈ1, ஈ1 இரண்டையும் இணைத்துவிட்டு டைமிங் லைட் அடித்தால் 10 டிகிரி காட்ட வேண்டும். இணைக்காமல் அடித்துப் பார்ப்பவர் தப்பான எண்ணைத் திருத்திக்கொண்டிருப்பார். அடுத்தது பெட்ரோல் கலவை; முழு லோடில் பெட்ரோல் குறைந்து லீனாக ஓடினால் எந்தக் கேஸ்கெட்டும் காப்பாற்றாது. மூன்றாவது பிளக்கின் சூட்டு எண். பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுத்தூள் மாதிரிக் கருப்புப் புள்ளிகளோ வெள்ளிப் பொடியோ ஒட்டியிருந்தால் டெட்டனேஷன், அதாவது கலவை தானாகப் பற்றி வெடிக்கும் தட்டல், உண்மைதான். அந்த வெள்ளி, பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம்.

இந்த மூன்றும் சரி, இன்னும் தட்டுகிறது என்றால் பெரும்பாலானவர்கள் உடனே செய்வது தடித்த கேஸ்கெட் வாங்குவது. "கம்ப்ரஷன் குறையும், தட்டல் நிற்கும்" என்ற கணக்கு. சில என்ஜின்களில் நிற்கும். பல என்ஜின்களில் நிற்காது, சிலவற்றில் கூடும். காரணத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஓரத்தில் உள்ள கலவை அந்த மெல்லிய இடைவெளியிலிருந்து பிதுங்கி நடுவே பிளக்கை நோக்கிப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் சுழலை உண்டாக்கும், தீ வேகமாகப் பரவும். ஓரத்தில் மிஞ்சும் கொஞ்சக் கலவை இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே மெல்லிய படலமாக இருப்பதால் குளிர்ந்தே இருக்கும், தானாகப் பற்றிக்கொள்ளாது. இடைவெளி 1 மி.மீ. அளவில் இருக்கும்வரை இது நன்றாக நடக்கும். 1.5, 2 மி.மீ. என்று திறந்துவிட்டால் பாய்ச்சல் சோர்ந்துபோகும். ஓரத்தில் தங்கும் கலவை எரியும் அளவுக்குத் தடிமனாகவும், குளிராத அளவுக்கு உலோகத்திலிருந்து தள்ளியும் இருக்கும். கடைசியாக எரிய வேண்டிய அந்த மூலையில்தான் தட்டல் பிறக்கிறது.

இப்போது எண்களைப் போட்டுப் பாருங்கள். சேம்பர் 35 சி.சி., பிஸ்டனில் வால்வ் பள்ளம் 1.5 சி.சி., பிஸ்டன் டெக்குக்கு 0.20 மி.மீ. கீழே என்று வைத்துக்கொள்வோம். டெக் இடைவெளி 1.03 சி.சி. வரும். கேஸ்கெட் ஓட்டை 82 மி.மீ., தடிமன் 1.2 என்றால் கேஸ்கெட் 6.34 சி.சி. மொத்தம் 43.87. விகிதம் 10.05. ஸ்குவிஷ் 0.2 கூட்டல் 1.2, ஆக 1.4 மி.மீ.

தட்டுகிறதே என்று 1.8 மி.மீ. கேஸ்கெட் போட்டால் விகிதம் 9.44க்கு இறங்கும். ஆனால் ஸ்குவிஷ் 2.0 மி.மீ. ஆகிவிடும். கம்ப்ரஷனும் போச்சு, சுழலும் போச்சு. தீ மெதுவாகப் பரவுவதால் டைமிங்கை முன்னே தள்ளத் தோன்றும், தள்ளினால் மறுபடி தட்டும். கார் சோம்பலாகவும் இருக்கும், தட்டலும் இருக்கும்.

அதே என்ஜினில் 0.8 போட்டால் விகிதம் 10.50, ஸ்குவிஷ் 1.0. இதில் கம்ப்ரஷன் அதிகமாகத் தெரிந்தால் 2.1 சி.சி. அளவு உலோகத்தை எடுத்து சேம்பர் இடத்தைக் கூட்டிவிடுங்கள். வால்வைச் சுற்றி ஒட்டியிருக்கும் சுவரைத் தள்ளி, கூர்முனைகளை மழுக்கினாலே அதில் ஒரு பங்கு வரும். மிச்சத்தை பிஸ்டனின் வால்வ் பள்ளத்தில் எடுக்கலாம். ஸ்குவிஷ் தட்டைப் பகுதியை மட்டும் தொடாதீர்கள். முடிவில் விகிதம் மறுபடி 10.05, ஆனால் ஸ்குவிஷ் 1.0. காகிதத்தில் இரண்டு என்ஜினுக்கும் ஒரே கம்ப்ரஷன். ஃபீல்ட்ஸ் ஹில்லில் இரண்டும் ஒன்றல்ல.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான்கு வால்வ், ஐந்து வால்வ் கூரை வடிவ சேம்பரில் ஸ்குவிஷ் பரப்பு சின்னது, அதனால் பலனும் அளவானது. நிசான் 1400இல் உள்ள ஏ14 மாதிரி இரண்டு வால்வ் ஆப்பு வடிவ சேம்பரில் பரப்பு பெரியது, வித்தியாசம் கைக்குத் தெரியும். பேக்கி கட்டுகிறவர்கள்தான் இந்த இடைவெளியை அதிகம் கவனிக்க வேண்டும்.

அறிகுறி 2: ஜோபர்க்கில் ஓடியது, டர்பனில் தட்டுகிறது

இது நம் நாட்டுக்கே உரிய கோளாறு. ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் டர்பனை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு முறையும் இழுக்கும் காற்றும் அந்த அளவு குறைவு. அதனால்தான் மேட்டு நிலத்தில் 93 ஆக்டேன் (பெட்ரோல் தட்டலைத் தாங்கும் எண்) பெட்ரோலிலேயே நிறைய கார்கள் நிம்மதியாக ஓடுகின்றன. அங்கே மெல்லிய கேஸ்கெட் போட்டு, சேம்பரைக் குறைத்து, டைமிங்கையும் முன்னே தள்ளிக் கட்டிய என்ஜின் என்3 வழியாக வான் ரீனன் கணவாய் இறங்கி வருகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டிக் கரைக்கு வந்ததும் காற்று கனமாகிறது, சிலிண்டர் நிரம்புகிறது, தட்டல் ஆரம்பிக்கிறது.

உடனே ஹெட்டைக் கழற்ற வேண்டாம். டேங்கில் 95 நிரப்பி, டைமிங்கை 2, 3 டிகிரி பின்னே வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போனால் கார் டர்பனிலேயே தங்கப்போகிறதா, போய்வரப்போகிறதா என்று யோசித்து முடிவெடுக்கலாம். இரண்டு இடத்திலும் ஓடும் கார் என்றால் டர்பனுக்குத்தான் கட்ட வேண்டும். கடல் மட்டத்தில் தாங்குவது மேலே கண்டிப்பாகத் தாங்கும்.

எதிர்த் திசையிலும் ஒரு குழப்பம் உண்டு. டர்பனில் கம்ப்ரஷன் கேஜ் 13 பார் காட்டிய அதே என்ஜின், ஜோபர்க்கில் 10.7 பார் அளவில்தான் காட்டும். ரிங் தேய்ந்துவிட்டது, கேஸ்கெட் தடித்துவிட்டது என்று அங்கே ஒருவர் பிரிக்கச் சொன்னால், நான்கு சிலிண்டரும் ஒரே அளவில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நான்கும் சமமாக இருந்தால் குறை காற்றழுத்தத்தில்தான்.

அறிகுறி 3: சத்தமே இல்லை, ஆனால் இழுவை இல்லை

தட்டலை உணரும் நாக் சென்சார் உள்ள என்ஜின் தட்டலை உங்கள் காதுக்கு விடாது. கம்ப்யூட்டர் அமைதியாக டைமிங்கைப் பின்னே இழுத்துக்கொள்ளும். நீங்கள் உணர்வது ஒரு மந்தம் மட்டுமே, அதுவும் என்ஜின் நன்றாகச் சூடான பிறகு. காலையில் குளிரில் நன்றாக இழுத்து மத்தியானம் சோம்பினால், ஸ்கேனரில் ஓடும்போதே இக்னிஷன் அட்வான்ஸைப் பாருங்கள். வேண்டியதை விடப் பல டிகிரி குறைந்து நின்றால் இதுவும் அறிகுறி 1தான், சத்தம் மட்டும் இல்லை.

மந்தம் குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி இருந்தால் கேம் டைமிங்கை, அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைப் பாருங்கள். மெல்லிய கேஸ்கெட் போட்டாலும், ஹெட் முகத்தை மெஷினில் சீவி ஸ்கிம் செய்தாலும், டெக்கைக் குறைத்தாலும் கேம் புல்லி கிராங்குக்கு அருகே வருகிறது. டைமிங் பெல்ட்டின் இழுவைப் பக்கத்தில் பற்கள் எண்ணிக்கை மாறாது, தூரம் மட்டும் குறையும். எனவே கேம் கொஞ்சம் பின்தங்கும். 0.4 மி.மீ.க்கு கிராங்கில் கிட்டத்தட்ட ஒரு டிகிரிதான். ஆனால் பழைய ஹெட்டில் ஏற்கெனவே இரண்டு முறை ஸ்கிம் ஓடியிருந்தால் எல்லாம் சேர்ந்துகொள்ளும். கோணத்தைத் திருத்தக்கூடிய வெர்னியர் புல்லி போட்டு, டிகிரி சக்கரம் வைத்துத் திருப்பிக் கொண்டுவாருங்கள். புள்ளிக்குப் புள்ளி வைத்தாயிற்று என்று விட்டுவிட்டால் என்ஜின் கீழ் ஆர்பிஎம்மில் எழாது.

அறிகுறி 4: உயர் ஆர்பிஎம்மில் மட்டும் உலோகச் சத்தம்

6500, 7000 தாண்டும்போது கூர்மையான டிக் டிக். கீழே இறங்கினால் போய்விடுகிறது. வண்டியை நிறுத்துங்கள். இது தட்டல் இல்லை, தொடுகை.

இரண்டு இடங்களில் தொடலாம். ஒன்று, பிஸ்டன் விளிம்பு ஹெட்டைத் தொடுவது. குளிர்ந்த நிலையில் அளந்த இடைவெளி ஓடும்போது அப்படியே இருக்காது. கனெக்டிங் ராடு வேகத்தில் நீள்கிறது, பேரிங் இடைவெளி சேர்கிறது, ராடோடு தன்னை இணைக்கும் பின் என்ற உருளைத் தண்டைச் சுற்றி பிஸ்டன் கொஞ்சம் ஆடுகிறது. ஸ்டீல் ராடு, 8000க்குள் ஓடும் தெரு என்ஜின் என்றால் நான் 1.0 மி.மீ. கேட்பேன். பிஸ்டன் இறுக்கமாகப் பொருந்தியிருந்தால் 0.9. ஃபோர்ஜ்ட் பிஸ்டனுக்குச் சுவர் இடைவெளி அதிகம், ஆட்டமும் அதிகம், அங்கே 1.0க்குக் கீழே இறங்க மாட்டேன். 0.75க்குக் கீழே போனவர்கள் ஹெட்டில் பிஸ்டன் வடிவத்தைப் பளபளப்பாகப் பார்த்திருக்கிறார்கள். அலுமினிய ராடு போட்ட டிராக் கார் என்றால் கதை வேறு, 1.5 மி.மீ. அளவு வேண்டும்.

இரண்டாவது, வால்வ் பிஸ்டனைத் தொடுவது. பெரிய கேம் போட்டுவிட்டுக் கேஸ்கெட்டையும் மெலியவைத்தால் இது வரும். மோதல் உச்சிப் புள்ளியில் நடப்பதில்லை. எக்ஸாஸ்ட் வால்வ் மூடும் வழியில், உச்சிக்கு 10 டிகிரி முன்னே பிஸ்டன் அதைத் துரத்திப் பிடிக்கும். இன்டேக் திறக்கும் வழியில், உச்சிக்கு 10 டிகிரி பின்னே வால்வ் பிஸ்டனைத் துரத்தும். பிஸ்டன் மேல் பிரெஸ்டிக் (சுவரில் காகிதம் ஒட்டும் களிமண் போன்ற பசை) ஒட்டி, கொஞ்சம் எண்ணெய் தடவி, நீங்கள் போடப்போகும் அதே கேஸ்கெட்டையும் கேம் டைமிங்கையும் வைத்து இரண்டு சுற்று கையால் சுற்றுங்கள். பிறகு பிரெஸ்டிக்கை பிளேடால் குறுக்கே வெட்டி மெல்லிய இடத்தை வெர்னியர் காலிப்பரில் அளந்து பாருங்கள். இன்டேக்கில் 2.0, எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ. பாதுகாப்பான எண்கள். எக்ஸாஸ்ட் வால்வ் சூட்டில் நீளும், உயர் வேகத்தில் மிதக்கவும் கூடும். அதனால் அதற்கு அதிகம். பழைய பயன்படுத்திய கேஸ்கெட்டை வைத்து அளக்கலாம், புதிது நசுங்கி வீணாகாது. ஆனால் அதன் நசுங்கிய தடிமனும் புதியதன் தடிமனும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரியாக அளப்பது

அறிகுறிகளை நிறுத்தி, அளப்பதைச் சொல்லிவிடுகிறேன். இதில் அரை நாள் போகும். போகட்டும், பிரித்துக் கட்ட வாரக்கணக்காகும்.

டெக் அளவை டயல் கேஜில் எடுக்கும்போது அந்தப் பின் தண்டு செல்லும் கோட்டுக்கு மேலேதான் ஊசியை வைக்க வேண்டும். அந்தக் கோட்டிலிருந்து விலகிய பக்கவாட்டு ஓரத்தில் வைத்தால் பிஸ்டன் ஆடி 0.1 மி.மீ. வரை பொய் சொல்லும். நான்கு சிலிண்டரும் அளக்க வேண்டும். பழைய பிளாக்கில் 1க்கும் 4க்கும் வித்தியாசம் இருப்பது சகஜம். அதிகம் மேலே வரும் பிஸ்டனை வைத்துத்தான் தடிமனைத் தீர்மானிக்க வேண்டும், சராசரியை வைத்து அல்ல.

சந்தேகம் இருந்தால் ஈயக் கம்பி. பிஸ்டனின் ஸ்குவிஷ் பகுதியில், அந்தப் பின் தண்டுக் கோட்டின் இரண்டு முனைகளிலும் 2 மி.மீ. சால்டர் கம்பித் துண்டுகளைக் கிரீஸ் வைத்து ஒட்டுங்கள். ஹெட்டை முழு டார்க்கில் (முறுக்கு அளவில்) முறுக்கி ஒரு முறை உச்சியைத் தாண்டவிட்டுக் கழற்றி, நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் பாருங்கள். இது கணக்கில் வராத எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

சேம்பர் கொள்ளளவை அளக்க, மூடுவதற்குப் பர்ஸ்பெக்ஸ் (தெளிந்த பிளாஸ்டிக்) தகடு, அளந்து ஊற்ற ப்யூரெட், பாரஃபின் (மண்ணெண்ணெய்) போதும். காற்றுக் குமிழ் தங்கவிடாதீர்கள்.

கேஸ்கெட் பெட்டியில் எழுதியிருக்கும் எண் நசுங்கும் முன் தடிமனா, பின் தடிமனா என்று கேட்டு வாங்குங்கள். காம்போசிட் வகை நன்றாக நசுங்கும். எம்.எல்.எஸ். என்ற பல அடுக்கு ஸ்டீல் வகை மிகக் கொஞ்சமே நசுங்கும். ஓட்டை போரை விட 1 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். ஓவர்சைஸ் போர் செய்த பிளாக்கில் ஸ்டாண்டர்ட் கேஸ்கெட் வைத்தால் அதன் விளிம்பு சேம்பருக்குள் நீட்டிச் சிவக்கும், பிளக் பொறி விடும் முன்னே கலவையைப் பற்றவைக்கும்.

ஹெட்டை ஸ்கிம் செய்தால் ஸ்குவிஷ் மாறாது. ஸ்குவிஷ் பகுதியும் ஹெட் முகமும் ஒரே தளம், இரண்டும் சேர்ந்தே இறங்கும். சேம்பர் மட்டும் சிறுக்கும், கம்ப்ரஷன் ஏறும். பிளாக் டெக்கைக் குறைத்தால்தான் இரண்டும் மாறும். ஆக, ஸ்குவிஷ் அதிகமாக இருக்கிறது என்று ஹெட்டைத் தேய்க்கக் கொடுப்பது வேலைக்கு ஆகாது.

தொழிற்சாலைகளே இந்த முறையில்தான் செய்கின்றன. ஃபோக்ஸ்வாகன் 1.9 டிடிஐ டீசலில் பிஸ்டன் டெக்குக்கு மேலே எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்து, கேஸ்கெட் காதில் ஒரு துளை, இரண்டு துளை, மூன்று துளை என்று மூன்று தடிமன்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நீட்டல் 0.91 முதல் 1.00 வரை என்றால் ஒரு துளை; 1.10 வரை இரண்டு, 1.20 வரை மூன்று. முதலில் அளவு, அப்புறம்தான் கேஸ்கெட்.

அறிகுறி 5: 7ஏ பிளாக் மாற்றிய பின் எல்லாமே மாறிவிட்டது

கொரோலா 180ஐயின் 7ஏ பிளாக் மேல் 4ஏ-ஜிஈ ஹெட் போடுவது இங்கே பிரபலம். ஸ்ட்ரோக் 85.5 மி.மீ., சிலிண்டருக்கு 440.6 சி.சி. சேம்பரும் பிஸ்டன் மேல்பகுதியும் டெக்கும் கேஸ்கெட்டும் அப்படியே இருந்தால், முன்பு 10.50 இருந்த விகிதம் 11.55 ஆகிவிடும். இதைக் கேஸ்கெட் தடிமனில் இறக்க நினைத்தால் ஸ்குவிஷ் கெடும். மேல்பகுதி குழிந்த டிஷ் பிஸ்டன்தான் வழி.

அறிகுறி 6: ரேடியேட்டரில் குமிழ், மேல் ஹோஸ் கல் மாதிரி

இங்கே பலர் தடிமனைச் சந்தேகிக்கிறார்கள். "மெல்லியது போட்டதால் தாங்கவில்லை, தடித்ததைப் போடு." கேஸ்கெட் அடைப்பது தடிமனால் அல்ல, போல்ட் கொடுக்கும் அழுத்தத்தாலும் இரண்டு முகங்களின் தரத்தாலும்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். குளிர்ந்த என்ஜினைத் தொடங்கிய சில நிமிடத்திலேயே ஹோஸ் இறுகுகிறதா? ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீல திரவச் சோதனை மஞ்சளாகிறதா? அப்படியானால் எரிந்த வாயு நீருக்குள் போகிறது. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் விழுந்திருந்தால் நடுவே உள்ள மெல்லிய பாலம் எரிந்திருக்கிறது. இது பெரும்பாலும் தட்டலோடு நீண்ட நாள் ஓட்டியதன் பலன், அறிகுறி 1க்குத் திரும்புங்கள்.

எம்.எல்.எஸ். போட்டிருந்தால் பரப்பின் மென்மை முக்கியம். ஸ்கிம் கடையில் "நல்லா வழவழப்பா" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆர்ஏ (பரப்பின் சொரசொரப்பு அளவு) 0.8 மைக்ரான் அல்லது அதைவிட நைசாக வேண்டும் என்று எண்ணோடு கேளுங்கள். அதைக் கொடுக்க முடியாத கடை என்றால் தெரு காருக்குக் காம்போசிட் போடுவது மேல், அது கொஞ்சம் சொரசொரப்பைப் பொறுத்துக்கொள்ளும். நேர்கோட்டுச் சட்டத்தை நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை வைத்து 0.05 மி.மீ. ஃபீலர் நுழைகிறதா என்று ஹெட்டிலும் பிளாக்கிலும் பாருங்கள். ஹெட்டை மட்டும் ஸ்கிம் செய்துவிட்டு பிளாக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்வது அரைகுறை வேலை. பிளாக்கில் பழைய கேஸ்கெட்டின் வளையம் பதிந்த தடம் விரல் நகத்தில் தட்டினால் அதற்கும் மெஷின் வேண்டும்.

கரையோரத்தில் இன்னொரு காரணமும் உண்டு. டர்பனில் பனி உறையாது என்பதால் பலர் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுவதில்லை, குழாய்த் தண்ணீரே ஓடுகிறது. அந்தப் பச்சை, சிவப்புத் திரவத்தின் வேலை உறைவதைத் தடுப்பது மட்டும் இல்லை. அலுமினியம் அரிப்பதையும் அது தடுக்கிறது. அது இல்லாத ஹெட்டைக் கழற்றிப் பாருங்கள், நீர் ஓட்டைகளைச் சுற்றிப் பூச்சி அரித்த மாதிரி குழிகள் கேஸ்கெட்டின் தீ வளையம் (சிலிண்டரைச் சுற்றிய உலோக விளிம்பு) உட்காரும் இடம்வரை வந்திருக்கும். அங்கே எந்தத் தடிமனும் நிற்காது. வெல்டிங், பிறகு ஸ்கிம். அல்லது வேறு ஹெட்.

போல்ட் விஷயத்தில் இரண்டே வார்த்தை. கோணத்தில் முறுக்கும் நீளும் வகை போல்ட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள். பிளாக்கில் உள்ள அடி மூடிய குருட்டு ஓட்டைகளில் எண்ணெயோ நீரோ தங்கியிருந்தால் ஊதி எடுங்கள். இல்லையென்றால் ரென்ச் கிளிக் செய்யும், ஹெட் இறுகியிருக்காது, சில நேரம் பிளாக்கிலேயே விரிசல் விழும்.

அறிகுறி 7: டர்போ போட்ட பின் கேஸ்கெட் அடிக்கடி போகிறது

கம்ப்ரஷனைக் குறைக்க இரண்டு கேஸ்கெட்டுக்கு நடுவே ஒரு தகடு வைக்கும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. மலிவு என்பதைத் தவிர அதற்கு வேறு நல்ல பெயர் இல்லை. ஒரு கசிவு இடம் இரண்டாகிறது, ஸ்குவிஷ் 3 மி.மீ.க்குப் போகிறது, தட்டல் கூடுகிறது, அந்தத் தட்டலின் அழுத்த அடி கேஸ்கெட்டை உடைக்கிறது. பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) அதிகம் என்று சொல்லிப் பூஸ்டைக் குறைக்கிறார்கள். குறைக்க வேண்டியது இடைவெளியை. டிஷ் பிஸ்டன், 1.0 மி.மீ. ஸ்குவிஷ், எம்.எல்.எஸ்., நல்ல ஸ்டட். இதில் காசு போகும். ஆனால் போர்ட் ஷெப்ஸ்டனில் டெஸ்ஸி கார் பந்தயப் பாதைக்குப் போய் டிரெய்லரில் திரும்பி வருவதற்கும் காசுதான்.

அறிகுறி 8: சூடான என்ஜினை ஸ்டார்ட்டர் சுற்றத் திணறுகிறது

உதைத்துத் திரும்பினால் டைமிங் முன்னே இருக்கிறது, அதைப் பாருங்கள். மெதுவாகச் சுற்றினால் பேட்டரி கேபிளும் எர்த்தும். இவை சரியாக இருந்து, கடல் மட்டத்தில் கேஜ் 15 பாருக்கு மேல் காட்டினால் மட்டும் கம்ப்ரஷனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கேம் சின்னதாக இருந்து விகிதம் 11 தாண்டியிருந்தால் இது வரும். பெரிய கேம் இன்டேக்கைத் தாமதமாக மூடுவதால் அதே விகிதத்தில் கேஜ் குறைவாகக் காட்டும்.

மாற்றிக் கட்டிய பிறகு

புதுத் தடிமன் போட்டதும் புஷ்ராடு என்ஜினில் வால்வ் இடைவெளியை மறுபடி வைக்க வேண்டும். ஏ14இல் ஹெட் இறங்கிய அளவு ராக்கர் இறுகியிருக்கும். பெல்ட் என்ஜினில் கேம் டிகிரியும் பெல்ட் இறுக்கமும். முதல் தொடக்கத்துக்கு டைமிங்கை 3, 4 டிகிரி பின்னே வைத்து, ஃபேன் ஓடும்வரை சூடாக்கி, இரவு முழுக்க ஆறவிடுங்கள். காம்போசிட் கேஸ்கெட் என்றால், தயாரிப்பாளர் கேட்டிருந்தால் குளிர்ந்த நிலையில் மறு டார்க், எம்.எல்.எஸ்.க்குப் பொதுவாகத் தேவையில்லை. அப்புறம் 95 நிரப்பி, ஃபீல்ட்ஸ் ஹில்லில் ஜன்னலை இறக்கி, சுவர் ஓரமாக ஏறுங்கள். சத்தம் சுவரில் பட்டு நன்றாகக் கேட்கும். தட்டவில்லை என்றால் ஒரு டிகிரி முன்னே வைத்து மறுபடி ஏறுங்கள். லேசாகத் தட்டத் தொடங்கும் இடத்திலிருந்து 2 டிகிரி பின்னே வந்து பூட்டிவிடுங்கள். அந்த டிகிரி, டெக் அளவு, கேஸ்கெட் தடிமன், சேம்பர் சி.சி. நான்கையும் ஒரு அட்டையில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள்.